பிக்சல் லைட்டுக்கு முதலில் காப்பர், அப்புறம்தான் கலர்

நவம்பர் பாதி தாண்டினாலே வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிக்கு மாடி ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். கொஞ்ச வருஷமாக அந்த ஸ்டாருக்குப் பக்கத்தில் பிக்சல் லைட்டும் வந்துவிட்டது. பழைய சீரியல் செட்டில் எல்லா பல்பும் சேர்ந்து எரியும், சேர்ந்து அணையும். பிக்சலில் ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஒரு குட்டி ஐசி (சிப்) உட்கார்ந்திருக்கிறது, அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி வெளிச்சம் கொடுக்கலாம். ஸ்டாரின் வாலில் வெளிச்சம் மெல்ல வழிந்து இறங்குவதை முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் வருவதற்குள்ளேயே நிறைய வீடுகளில் ஒரு மூலை இருண்டுவிடுகிறது, இல்லை ஒரு சரம் முழுக்கக் கண்டபடி மினுக்குகிறது. காசு போட்டு, ஆசைப்பட்டுக் கட்டியவர்களுக்கு அப்படி ஆவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஏரியாவில் இந்த லைட்டோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கெட்டுப்போகும் பிக்சல் லைட்டில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் புரோகிராமும் இல்லை, எந்தப் பல்பு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று சொல்லும் கன்ட்ரோலரும் இல்லை. மெல்லிய வயர், போதாத பவர், தண்ணீர் புகுந்த ஜாயின்ட், இந்த மூன்றுதான். கையில் இருக்கிற காசில் இன்னும் நூறு பல்பு வாங்கலாமா என்று யோசிக்கும் நேரத்தில், அந்தக் காசை நல்ல வயருக்கும் நல்ல கனெக்டருக்கும் போடுங்கள். குறைவான பல்பு ஒழுங்காக எரிகிற வீடு எப்போதும் அழகாக இருக்கும்.

முதலில் எதை வாங்குவது என்று பார்த்துவிடலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் போய் பிக்சல் என்று கேட்டால் இரண்டு விதம் எடுத்துப் போடுவார்கள். (நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள், வண்டி நிறுத்த அங்கே இடம் கிடைக்காது.) ஒன்று 12 மில்லிமீட்டர் புல்லட், சரத்துக்கு 50 வரும், உள்ளே இருப்பது பெரும்பாலும் டபிள்யூஎஸ்2811 ஐசி. இன்னொன்று பட்டையான ஸ்ட்ரிப், அதில் டபிள்யூஎஸ்2812பி. வெளியில், மழையில், கிரில்லில் கட்டுவதற்கு என் ஓட்டு புல்லட்டுக்குத்தான். ஒவ்வொரு பல்பும் தனித்தனியாக ரெசின் ஊற்றி அடைத்திருக்கும், ஒன்று செத்தால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேறொன்று போட்டுக்கொள்ளலாம். சிலிக்கான் உறை போட்ட ஸ்ட்ரிப்பில் ஒரு முனையில் தண்ணீர் போனால் அது உறைக்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து எங்கேயோ போய் வேலையைக் காட்டும். குடிலுக்குள், கூரைக்கு அடியில் வைப்பதென்றால் ஸ்ட்ரிப் தாராளமாக வைக்கலாம். அப்படி ஸ்ட்ரிப்தான் வேண்டும் என்பவர்கள் டபிள்யூஎஸ்2815 கேட்டுப் பாருங்கள். அது 12 வோல்ட், அதில் இரண்டு டேட்டா கோடு (கன்ட்ரோலர் சொல்வதைப் பல்புக்குக் கொண்டுபோகும் வயர்) ஓடும், நடுவில் ஒரு ஐசி செத்தாலும் அடுத்ததிலிருந்து தொடர்ந்து எரியும். அடுத்தடுத்து இரண்டு செத்தால்தான் நிற்கும்.

இனி கணக்கு. ஒரு பிக்சலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழு வெளிச்சத்தில் எரிந்தால், அதாவது வெள்ளை போட்டால், ஒன்றுக்கு 60 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற சிலது இதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும், ஆனாலும் கணக்குக்கு 60 என்று போட்டால் பயமில்லை. 50 பல்பு சரத்துக்கு 3 ஆம்பியர். மூன்று மாடி வீட்டு முகப்புக்கு 8 சரம், 400 பல்பு என்றால் 24 ஆம்பியர், 5 வோல்ட்டில் 120 வாட். எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது வீட்டு 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கிக் கொடுக்கும் பெட்டியை, அதன் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதால், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 வோல்ட் 40 ஆம்பியர் பெட்டி இதற்குச் சரியாக இருக்கும்.

பெட்டி பெரிதாக இருந்துவிட்டால் மட்டும் போதாது, கரண்ட் கடைசி பல்பு வரைக்கும் போய்ச் சேர வேண்டும். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் போன டிசம்பரில் என்னிடம் கேட்டான், "இன்னாண்ணா, வெள்ளை போட்டா கடைசில மட்டும் செவப்பா வருது, லைட்டு டூப்ளிகேட்டா?" லைட்டில் ஒரு குறையும் இல்லை. மூன்று சரத்தை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து, ஒரே முனையில் கரண்ட் கொடுத்திருந்தான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் முதல் பல்பில் 5 வோல்ட், கடைசி பல்பில் மூன்றரைகூட இல்லை. பச்சைக்கும் நீலத்துக்கும் எரிய 3 வோல்ட் பக்கத்தில் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட் போதும். வோல்ட்டேஜ் குறையக் குறைய நீலமும் பச்சையும் முதலில் மங்கும், சிவப்பு கடைசி வரை தாக்குப்பிடிக்கும், அதனால்தான் வெள்ளை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவப்பாகிறது. கோடைக்காலத்தில் தெருக்குழாயில் தண்ணீர் விட்டால் முதல் வீட்டில் குடம் நிறையும், கடைசி வீட்டில் சொட்டுமே, அதே கதைதான்.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சரத்தின் நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் வோல்ட்டேஜ் இழப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். பல்பு இரண்டு மடங்கானதால் கரண்ட் இரண்டு மடங்கு, அது போக வேண்டிய தூரமும் இரண்டு மடங்கு. ஒரு சரத்தின் கடைசியில் அரை வோல்ட், முக்கால் வோல்ட் குறைந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இரண்டைக் கோத்து ஒரு முனையில் மட்டும் கொடுத்தால் இரண்டு மூன்று வோல்ட் போய்விடும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நமக்கு லாபம். ஒரு முனைக்குப் பதில் இரண்டு முனையிலும் கரண்ட் கொடுத்தால் இழப்பு கால்வாசியாகிவிடும். அதனால் 5 வோல்ட் புல்லட் என்றால் ஒவ்வொரு 50-க்கும் ஒரு இடத்தில் கரண்ட்டை உள்ளே விடுங்கள், யோசிக்கவே வேண்டாம். டேட்டா வயர் மட்டும் சரத்திலிருந்து சரத்துக்கு ஓடட்டும். பிளஸ்ஸும் மைனஸும் பெட்டியிலிருந்து தடிமனான ஒரு வயரில் கூடவே ஓடி, ஒவ்வொரு சரம் சேரும் இடத்திலும் கிளை பிரிய வேண்டும்.

அந்தத் தடிமனான வயர் எவ்வளவு தடிமன்? 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் கிலோமீட்டருக்கு 13 ஓம் சொச்சம். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பெட்டியிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கும் சரத்துக்கு 5 ஆம்பியர் கொண்டுபோகிறோம் என்றால், போக 10 வர 10, மொத்தம் 20 மீட்டர் வயர், கால் ஓமுக்குக் கொஞ்சம் மேல். 5 ஆம்பியரில் 1.3 வோல்ட் வழியிலேயே காலி. 5 வோல்ட்டில் அது கால் பங்குக்கு மேல்! அதே இடத்தில் 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் அரை வோல்ட்டோடு முடிந்துவிடும். பெட்டியையே லைட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வயரை 2, 3 மீட்டருக்குள் அடக்குவது இன்னும் நல்லது. வீட்டு முகப்பென்றால் முதல் மாடி ஜன்னலுக்கு உள்பக்கம் சரியான இடம், அங்கிருந்து மேலேயும் கீழேயும் பிரித்துக்கொள்ளலாம். இன்னொன்று, காப்பர் பூசிய அலுமினிய வயரைக் காப்பர் என்று சொல்லி விற்கிற இடங்கள் உண்டு, விலை ரொம்பக் குறைவாக இருந்தால் நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

12 வோல்ட் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்லதுதான், ஆனால் ஏன் நல்லது என்று புரிந்துகொண்டு வாங்குங்கள். 12 வோல்ட் புல்லட்டும் ஒன்றுக்கு ஏறக்குறைய அதே 60 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும், வயரில் அதே வோல்ட்தான் இழக்கும். 12-இல் இரண்டு போனாலும் பல்புக்கு மிச்சம் இருப்பதால் நிறம் மாறாது, அவ்வளவுதான். அந்த மிச்சம் பல்புக்குள் சூடாகத்தான் போகிறது. நம் 400 பல்புக்கு 5 வோல்ட்டில் 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 288 வாட் ஆகும். நீளமாக ஓடுகிற மாடிக் கைப்பிடிச் சுவருக்கு 12, நெருக்கமாக இருக்கும் ஸ்டாருக்கும் குடிலுக்கும் 5, இதுதான் நான் செய்வது. இரண்டு பெட்டி வைத்தால் இரண்டின் பிளஸ்ஸையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. மைனஸ் எல்லாம், கன்ட்ரோலரின் மைனஸ் உட்பட, ஒன்றாகச் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் டேட்டா எதை வைத்து 0, எதை வைத்து 1 என்று பிக்சலுக்குத் தெரியாது, பேய் பிடித்த மாதிரி மினுக்கும்.

கிளைக்கு ஒரு ஃபியூஸ் போடுங்கள். 5 வோல்ட் தானே, என்ன ஆகிவிடும் என்று நினைப்பார்கள். கை வைத்தால் ஷாக் அடிக்காது, வாஸ்தவம். ஆனால் 40 ஆம்பியர் கொடுக்கக்கூடிய பெட்டியில் எங்கோ ஷார்ட் ஆனால் அந்த மெல்லிய சரத்து வயர் பழுத்து, உறை உருகி, காகித ஸ்டாரில் பட்டால் தீதான். பைக்கிலும் காரிலும் வருகிற பிளேடு ஃபியூஸ் 5 ஆம்பியரில் புதுப்பேட்டையில் எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும், ஹோல்டரோடு.

டேட்டா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தொல்லை வந்தால் அது ஒரே இடத்தில்தான் வரும், முதல் பல்பு வரைக்கும் உள்ள தூரத்தில். கன்ட்ரோலராக வைக்கும் இஎஸ்பி32 போர்டு டேட்டாவில் வெளியே விடுவது 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் பிக்சல், டேட்டாவில் 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் 1 என்று நிச்சயமாக எடுத்துக்கொள்ளும். மேஜையில் வைத்துப் பார்க்கும்போது எரியும், மாடியில் கட்டியதும் உதறும். 74ஏஹெச்சிடி125 அல்லது 74ஹெச்சிடி245 ஐசி ஒன்றைப் போட்டு 5 வோல்ட்டுக்கு ஏற்றி, அதிலிருந்து டேட்டா வெளியே வரும் இடத்தில் ஒரு ரெசிஸ்டர், 100 ஓம் முதல் 470 ஓம் வரை எது கையில் இருக்கிறதோ அது, போட்டு அனுப்புங்கள். ஐசி கிடைக்காத நேரத்துக்கு ஒரு வழி உண்டு. முதல் பல்புக்கு மட்டும் 1என்4007 டயோடு வழியாகக் கரண்ட் கொடுத்தால் அதற்கு 4.3 வோல்ட்தான் போகும், 4.3-இல் 70 சதவீதம் 3 வோல்ட், ஆக நம் 3.3 அதற்குப் போதும். அந்தப் பல்பு அடுத்ததற்கு 4.3 வோல்ட்டில் டேட்டாவை அனுப்பும், அதற்கப்புறம் எல்லாம் சரியாக ஓடும். ஒவ்வொரு பிக்சலும் டேட்டாவைப் புதிதாக எழுதித்தான் அடுத்ததற்கு அனுப்புகிறது, அதனால் எத்தனை பல்பு தாண்டிப் போனாலும் டேட்டா தேயாது, ஆனால் பல்புக்கும் பல்புக்கும் இடையில் ஒரே தாவாகப் பல மீட்டர் தாண்ட வைக்காதீர்கள்.

இப்போது தண்ணீர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரைக்கும், அதாவது நாம் லைட் கட்டும் அதே மாதங்களில். மிக்ஜாம் புயல் வந்ததும் 2023 டிசம்பர் முதல் வாரத்தில்தான், ஸ்டார் எல்லாம் ஏற்றிவிட்ட நேரம். அதோடு நம் பக்கம் கடல் காற்று. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட்டைக் காசிமேட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். டேப்பின் பசை பிசுபிசுவென்று இளகி ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும், உள்ளே காப்பர் இழைகளின் மேல் பச்சைத் தூள் படிந்திருக்கும், ஒரு இழையைத் தொட்டால் பொடியாக உதிரும். வயரின் உறையை இன்னும் இரண்டு அங்குலம் சீவினாலும் உள்ளே காப்பர் கறுத்துத்தான் இருக்கும், ஏனென்றால் மெல்லிய இழைகளுக்கு நடுவே தண்ணீர் தானாக ஏறிப்போகும். டேப் தண்ணீரைத் தடுக்காது, உள்ளே போனதை வெளியே விடாமல் பிடித்துவைக்கும்.

அதனால் ஜாயின்ட்டை இப்படிப் போடுங்கள். பளபளக்கும் இடம் வரை வயரைச் சீவி, சால்டர் வைத்து, உள்பக்கம் பசை தடவி வரும் ஹீட் ஷ்ரிங்க் டியூபை ஒவ்வொரு வயருக்கும் தனியாக ஏற்றிச் சூடு காட்ட வேண்டும். டியூபின் இரண்டு வாயிலும் பசை லேசாக எட்டிப்பார்த்தால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். பிளஸ், மைனஸ், டேட்டா மூன்றுக்கும் சேர்த்து மேலே ஒரு பெரிய டியூப். கழற்றி மாட்ட வேண்டிய இடத்தில் திருகி மூடும் வாட்டர்ப்ரூஃப் கனெக்டர், அதை மூடுவதற்கு முன் பின்களில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். மீன்தொட்டி ஒட்டும் சிலிக்கான் பசையை வைத்து அடைப்பவர்கள் அதை முகர்ந்து பாருங்கள், வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை, உலரும்போது வெளிவரும் அமிலம் காப்பரையே அரிக்கும். நியூட்ரல் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கனெக்டரும் பெட்டியும் இருக்கும் இடத்தில் வயர் நேராக உள்ளே போகக் கூடாது. கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலேறிப் போனால் வழிகிற தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

230 வோல்ட் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிக்சலின் பெரிய நன்மையே தெருவில் போகிற பிள்ளை கிரில்லைப் பிடித்தாலும் 5 வோல்ட், 12 வோல்ட்தான் என்பது. பழைய சீரியல் செட்டில் அந்த மெல்லிய பச்சை வயருக்குள் 230 வோல்ட் ஓடும், அதை இரும்புக் கிரில்லில் சுற்றுவார்கள், உறை கிழிந்து மழையும் பெய்தால் கிரில் முழுக்கக் கரண்ட். அந்த ஆபத்தை எஸ்எம்பிஎஸ் வடிவத்தில் மறுபடி வாசலுக்குக் கொண்டுவராதீர்கள். பெட்டி வீட்டுக்குள், தரையிலிருந்து உயரத்தில், தண்ணீர் ஏறாத இடத்தில் இருக்கட்டும். மாடியில்தான் வைக்க வேண்டும் என்றால் ரெயின்ப்ரூஃப் பெட்டி வாங்கிச் சுவரில் நிமிர்த்தி மாட்டுங்கள். அதன் உலோக உடம்புக்கு எர்த் கட்டாயம், நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருந்தும் உள்ளே எர்த் வயரே வராமல் இருக்கும், எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் ஸ்விட்ச்) வழியாக மட்டுமே லைனைக் கொடுங்கள். எம்சிபி ஷார்ட்டுக்கும் ஓவர்லோடுக்கும்தான் விழும், ஆள் உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்தால் அதற்குத் தெரியாது. ஆர்சிசிபிக்குத் தெரியும். தெருவுக்குப் பொதுவாகக் கட்டும் டெக்கரேஷனுக்கு கம்பத்தில் கொக்கி போடுவதை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மென்பொருளுக்கு டபிள்யூஎல்இடி போதும். இலவசம், இஎஸ்பி32-இல் ஏற்றிவிட்டு போனிலேயே எல்லாம் செய்யலாம். அதில் ஒரு இடத்தைப் பாருங்கள், அதிகபட்ச கரண்ட் என்று ஒரு எண் இருக்கும், ஆரம்பத்தில் அது 850 மில்லி ஆம்பியரில்தான் நிற்கும். 40 ஆம்பியர் பெட்டி வாங்கிவைத்துவிட்டு லைட் ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது என்று தவிப்பவர்கள் அந்த எண்ணை மாற்றினாலே போதும். உங்கள் பெட்டி தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். கரண்ட் போய் வந்தால் எந்தப் பேட்டர்னில் தொடங்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவைக்கலாம், மழை நாளில் ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

பேட்டர்ன் அவரவர் விருப்பம், ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வானவில் ஓட்டமும் படபடவென்று வெட்டுவதும் ஐந்து நிமிஷத்தில் கண்ணை வலிக்கவைக்கும், எதிர் வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கு ராத்திரி முழுக்கத் தொல்லை. ஸ்டாரின் வாலில் மட்டும் மெல்ல இறங்கும் ஓட்டம், குடிலைச் சுற்றி அசையாத இளமஞ்சள், கைப்பிடிச் சுவரில் நிதானமாக மாறும் இரண்டு நிறம், வெளிச்சம் முப்பது நாற்பது சதவீதம். தெருவிளக்கு இருக்கும் நம் குறுகலான தெருக்களுக்கு அதுவே தாராளம், கரண்டும் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கும், பல்பும் சூடாகாது.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து ஜனவரியில் இறக்கும்போது, ஒவ்வொரு சரத்தின் தொடக்க முனையிலும் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, எந்தச் சுவர், எத்தனையாவது சரம் என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். பிக்சலுக்கு உள்ளே வரும் பக்கம், வெளியே போகும் பக்கம் என்று உண்டு, மாற்றி மாட்டினால் எரியாது. உப்பு படிந்திருக்கும், ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்திப் பெட்டியில் வையுங்கள். ஒரு பல்பு செத்து அதற்கப்புறம் எல்லாம் இருண்டிருந்தால் கடைசியாக எரிகிற பல்பையும் முதல் இருண்ட பல்பையும் சேர்த்தே மாற்றுங்கள், குற்றம் இரண்டில் எதிலும் இருக்கலாம். உபரியாக ஒரு சரம் அதே கடையில் அதே நாளில் வாங்கிவைத்திருப்பது இதற்குத்தான். அடுத்த வருஷம் போய்க் கேட்டால் வயரின் நிறமும் மாறியிருக்கும், சிவப்பு-பச்சை வரிசையும் மாறியிருக்கும், நடுவில் ஒரு பல்பு மட்டும் பச்சைக்குச் சிவப்பு காட்டிக்கொண்டு நிற்கும்.